வேக் படகுக்கு எத்தனை குதிரைத்திறன் வேண்டும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வேக்போர்டிங் (கயிற்றைப் பிடித்துப் படகின் பின்னால் பலகையில் போவது), வேக்சர்ஃபிங் (கயிற்றை விட்டுப் படகு எழுப்பும் அலையில் பலகையில் போவது) படகுகளின் எஞ்சின் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: லூயிஸ்வில் ஏரியில் ஓட்டுவதற்குப் புதிதாக 23 அடி வி-டிரைவ் (எஞ்சின் பின்புறம், புரொப்பல்லர் படகின் அடியில்) படகு வாங்கப் போகிறோம். கடையில் மூன்று எஞ்சின் சொல்கிறார்கள்: 6.0 லிட்டர், 400 குதிரைத்திறன்; 6.2 லிட்டர், 450; சூப்பர்சார்ஜர் (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) வைத்த 6.2 லிட்டர், 600-க்கு மேல். இரண்டு குடும்பமாக எட்டொன்பது பேர் ஏறுவோம். பெரும்பாலும் சர்ஃபிங்தான். எதை எடுப்பது? – டாலஸ் வாசகர்

பதில்: 450-ஐ எடுங்கள். 400-ம் உங்களுக்கு ஓடும். 600 வேண்டாம்.

காரணம் வேகத்தில் இல்லை, பாரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு படகுக்கும் தண்ணீர்க்கோட்டின் (மிதக்கும் படகில் தண்ணீர் தொடும் கோடு) நீளத்தை ஒட்டி ஒரு வேகம் உண்டு. அதுவரை தண்ணீரை விலக்கிக்கொண்டு சிரமமில்லாமல் போகும். 21 அடி தண்ணீர்க்கோட்டுக்கு அது மணிக்குச் சுமார் 11 கி.மீ. முப்பதைத் தாண்டினால் படகு எழும்பித் தண்ணீரின் மேல் வழுக்கி ஓடத் தொடங்கும், இழுவை குறையும். இரண்டுக்கும் நடுவில் உள்ளதுதான் மேடு. அங்கே மூக்கு வானம் பார்க்கும், பின்புறம் அமிழும், எஞ்சின் முக்கும். சாதாரண மோட்டார் படகு அந்த மேட்டைச் சில நொடிகளில் கடந்துவிடும். சர்ஃபிங்கின் வேகம் மணிக்கு 16 முதல் 19 கி.மீ.; அதாவது நாள் முழுக்க மேட்டிலேயே நிற்கிறோம். அலை பெரிதாக வேண்டும் என்று பேலஸ்ட் தண்ணீரையும் (படகை அமிழ்த்துவதற்காக டாங்க்கில் நிரப்பும் பாரம்) நாமே ஏற்றிவைக்கிறோம். நெல் மூட்டை ஏற்றிய லாரி கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரிலேயே ஏறிக்கொண்டிருப்பதற்குச் சமம் இது. அந்த லாரிக்காரரிடம் உச்ச வேகம் என்ன என்று யாரும் கேட்பதில்லை.

பாரத்தைக் கூட்டிப் பாருங்கள். படகு மட்டும் 2,600 கிலோ என்று வைத்துக்கொள்வோம் (இந்த அளவில் பலவும் இதைச் சுற்றித்தான் இருக்கும்). பேலஸ்ட் 1,350 லிட்டர் என்றால் 1,350 கிலோ. ஒன்பது பேர் 650. டாங்க் நிறைய 230 லிட்டர் பெட்ரோல் 170. பலகை, லைஃப் ஜாக்கெட், ஐஸ் பெட்டி, நங்கூரம் 130. மொத்தம் 4,900 கிலோ. இதைக் குதிரைத்திறனால் வகுத்தால் 400-க்குப் பன்னிரண்டேகால், 450-க்குப் பதினொன்றுக்குச் சற்றுக் குறைவு. எங்கள் கைக்கணக்கு இது: கடல்மட்டத்தை ஒட்டிய ஏரியில் ஒரு குதிரைத்திறனுக்கு 11 கிலோ வரை நிம்மதி, 13 வரை புரொப்பல்லர் சரியாக இருந்தால் சமாளிக்கலாம், 14-ஐத் தாண்டினால் ஒவ்வொரு கிளம்பலும் ஒரு போராட்டம். லூயிஸ்வில் ஏரியின் உயரம் சுமார் 160 மீட்டர்தான், அதனால் உயரத்துக்கென்று கழிக்க ஒன்றும் இல்லை.

விளம்பரத்தில் போட்டிருக்கும் குதிரைத்திறன் 5,000 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு) மேல் கிடைப்பது. சர்ஃப் செய்யும்போது எஞ்சின் 2,800 முதல் 3,600-க்குள் சுற்றும். 3,200-இல் 540 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசை தரும் எஞ்சின், அந்த இடத்தில் தருவது சுமார் 240 குதிரைத்திறன்தான். ஆகவே கடைக்காரரிடம் உச்ச எண்ணைக் கேட்காதீர்கள். முறுக்குவிசை வரைபடத்தைக் கேட்டு 3,000-க்கு நேரே விரல் வையுங்கள். நேரடி எரிபொருள் பீய்ச்சல் உள்ள 6.2 லிட்டர், பழைய 6.0-ஐவிட அந்த இடத்தில்தான் முன்னே நிற்கிறது. நீங்கள் கொடுக்கும் கூடுதல் காசு அதற்குத்தான்.

சூப்பர்சார்ஜர் வேண்டாம் என்றதற்குக் காரணம் விலை மட்டும் இல்லை. அதற்கு உயர் ஆக்டேன் பெட்ரோல் வேண்டும், அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் அமைப்பும் கூடவே வரும். 25 அடிப் படகில் பதினைந்து பேரை ஏற்றுகிறவருக்கும் மலை ஏரிக்காரருக்கும் அது தேவை.

கேள்வி: லேனியர் ஏரியில் 22 அடிப் படகு, 6.0 லிட்டர் எஞ்சின். இந்த வருடம் கூடுதலாக 500 கிலோ அளவுக்குத் தண்ணீர்ப் பைகள் வாங்கிப் போட்டோம். இப்போது படகு எழும்பவே மாட்டேன் என்கிறது. எஞ்சின் போதாது, பெரியதுக்கு மாறுங்கள் என்று ஒருவர் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா? – அட்லாண்டா வாசகர்

பதில்: பொறுங்கள். எஞ்சின் மாற்றுவது பல்லாயிரம் டாலர். புரொப்பல்லர் சில நூறு டாலரில் முடியும். உங்கள் நோய்க்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் மருந்து.

முதலில் ஒரு சோதனை. பேலஸ்ட் முழுக்க ஏற்றி, வழக்கமான ஆட்களோடு, முழு த்ராட்டில் கொடுத்து ஆர்பிஎம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பிறகு பேலஸ்ட்டைக் காலி செய்து மறுபடி பாருங்கள். உங்கள் எஞ்சினுக்கு உற்பத்தியாளர் சொல்லும் முழு த்ராட்டில் வரம்பு கையேட்டில் இருக்கும். காலிப் படகில்கூட அந்த வரம்பின் கீழ் எல்லையைத் தொடவில்லை என்றால் பிட்ச் (வழுக்கல் இல்லாவிட்டால் புரொப்பல்லர் ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) அதிகம். காலியில் சரியாகத் தொட்டு, பாரத்தில் 800, 1,000 கீழே விழுந்தால் பாரத்துக்கேற்ற புரொப்பல்லர் இல்லை. முன்பு இதே புரொப்பல்லரில் காலியில் சரியாகத் தொட்டது, இப்போது இரண்டிலும் விழுகிறது என்றால் புரொப்பல்லரை விட்டுவிட்டு எஞ்சினைப் பாருங்கள்: ப்ளக், பெட்ரோல் அழுத்தம், எரிபொருள் வடிகட்டி.

கணக்குத் தெரிந்திருந்தால் யாரும் ஏமாற்ற முடியாது. எஞ்சின் ஆர்பிஎம்மை கியர் விகிதத்தால் வகுங்கள், பிட்ச் அங்குலத்தால் பெருக்குங்கள், 0.001524-ஆல் பெருக்குங்கள், வழுக்கலே இல்லாவிட்டால் போகவேண்டிய வேகம் கி.மீ.யில் வரும். 3,000 ஆர்பிஎம், விகிதம் 1.5, பிட்ச் 14 என்றால் சுமார் 43 கி.மீ. ஆனால் சர்ஃபில் ஜிபிஎஸ் காட்டுவது 18. மீதி ஐம்பத்தெட்டு சதவீதம் வழுக்கல்: புரொப்பல்லர் படகைத் தள்ளவில்லை, தண்ணீரைப் பின்னால் கொட்டிக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் பிட்ச்சைக் குறைத்து விட்டத்தைக் கூட்டினால் பிடிப்பு ஏறும், எஞ்சின் தன் முறுக்குவிசை நன்றாக இருக்கும் இடத்துக்கு எழும்பும். பிட்ச் ஒரு அங்குலம் குறைந்தால் முழு த்ராட்டிலில் தோராயமாக 200 ஆர்பிஎம் ஏறும். இலையின் ஓர வளைவைக் கூட்டினாலும் குறைத்தாலும் இதே போன்ற மாற்றம் வரும், அளவு சிறியது.

விட்டத்தை இஷ்டத்துக்குக் கூட்ட முடியாது. இலை நுனிக்கும் படகின் அடிக்கும் இடையே விட்டத்தில் பத்தில் ஒரு பங்காவது இடைவெளி வேண்டும்; 15 அங்குலப் புரொப்பல்லருக்கு ஒன்றரை அங்குலம். குறைந்தால் அடித்தளம் அதிரும், ஷாஃப்ட் பேரிங் சீக்கிரம் போகும். ஆர்டர் கொடுக்குமுன் மூன்று விஷயம் உறுதி செய்யுங்கள்: இடச்சுற்றா வலச்சுற்றா, ஷாஃப்ட் தடிமன், டேப்பரா (கூம்பு முனை) ஸ்ப்ளைனா (பல் வெட்டிய முனை). தவறாகப் பார்சல் வருவது பெரும்பாலும் சுற்றும் திசையில்தான்.

மாட்டும்போது: படகு ட்ரெய்லரில், சாவி உங்கள் பாக்கெட்டில். பூட்டு ஊசியைக் கழற்றி நட்டைத் தளர்த்துங்கள், ஆனால் முழுக்கக் கழற்றாமல் இரண்டு சுற்று விட்டுவையுங்கள். புல்லரை (புரொப்பல்லரை இழுத்துக் கழற்றும் கருவி) இறுக்கும்போது டேப்பர் விடுபட்டுப் புரொப்பல்லர் வெடிப்பது போலக் குதிக்கும். அந்த நட்டு இல்லாவிட்டால் உங்கள் கால்மேல் விழும். சுத்தியலால் தட்டவே வேண்டாம். புதியதை முதலில் கீ (ஷாஃப்ட்டையும் புரொப்பல்லரையும் சேர்த்துப் பூட்டும் சிறு உலோகக் கட்டை) இல்லாமல் டேப்பரில் அழுத்திப் பார்த்து, அது உட்காரும் இடத்தை மார்க்கரால் குறியுங்கள். பிறகு கீ போட்டு அதே குறிவரை வருகிறதா பாருங்கள். வராவிட்டால் கீ புரொப்பல்லரைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. கீயை ராவி அமர்த்துங்கள். இதைக் கவனிக்காமல் நட்டை மட்டும் இறுக்குகிறவர்கள்தான் இரண்டு மாதத்தில் அதிர்வு என்று திரும்பி வருகிறார்கள். பூட்டு ஊசி ஒவ்வொரு முறையும் புதியது.

மாற்றிய பிறகு காலிப் படகில் முழு த்ராட்டில் கொடுத்தால் ஆர்பிஎம் உச்ச வரம்பை முட்டலாம். அதற்குமேல் போகாமல் ஓட்டுங்கள், அவ்வளவுதான். உச்ச வேகத்தில் கொஞ்சம் போகும். ஜிபிஎஸ் வேகக் கட்டுப்பாட்டுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். பழைய ஆர்பிஎம் முறைக் கட்டுப்பாடாக இருந்தால் புதிதாக அளவு திருத்த வேண்டும்.

இன்னொன்று. அந்த 500 கிலோவையும் பின்னால் போட்டிருக்கிறீர்களா? கொஞ்சத்தை மூக்குக்கு நகர்த்துங்கள். மூக்கு தாழ்ந்தால் மேட்டை ஏறுவது எளிதாகும், அலையும் நீளமாகும்.

கேள்வி: கோடையில் பாதி நாள் டாஹோ ஏரியில் ஓட்டுவோம். சாக்ரமெண்டோ பக்கம் நன்றாக ஓடுகிற படகு அங்கே போனால் சோர்ந்துவிடுகிறது. – ரீனோ வாசகர்

பதில்: டாஹோ ஏரி சுமார் 1,897 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சாதாரணமாகக் காற்றை உறிஞ்சும் எஞ்சின் 1,000 மீட்டருக்குப் பத்து சதவீதம் போல இழக்கும். 450 குதிரைத்திறன் எஞ்சின் அங்கே போனால் ஏறக்குறைய 365. வாங்கும்போதே இந்தக் கழிவைச் செய்துவிட்டுத்தான் முன்னே சொன்ன கிலோ கணக்கைப் போட வேண்டும். மலை ஏரிதான் முக்கிய இடம் என்றால் ஒரு படி மேலான எஞ்சின் ஆடம்பரம் ஆகாது.

சூப்பர்சார்ஜர் இந்த இழப்பை அழித்துவிடும் என்று விற்பனையில் சொல்வது பாதி உண்மை. பெல்ட்டில் சுற்றும் சூப்பர்சார்ஜர் உள்ளே வரும் காற்றைத்தான் பெருக்குகிறது. காற்றே மெலிந்திருந்தால் வெளியே போவதும் அதே விகிதத்தில் மெலியும். 600-இல் தொடங்கினால் 490 மிச்சம் இருக்கும், அதுதான் லாபம்.

இருக்கிற படகுக்கு: இரண்டாவது புரொப்பல்லர் ஒன்று வாங்கி வையுங்கள், பிட்ச் ஒன்று முதல் இரண்டு அங்குலம் குறைவாக. மலைக்கு அது, சமவெளிக்குப் பழையது. டாஹோவில் இறக்குமுன் படகு ஆய்வு கட்டாயம், பேலஸ்ட் டாங்க்கையும் பார்ப்பார்கள். கரையிலிருந்து 600 அடிக்குள் அலை எழுப்பும் வேகத்தில் போக முடியாது. டாங்க்கில் வேறு ஏரியின் தண்ணீர் தங்கியிருந்தால் வரிசையில் நின்றதெல்லாம் வீண்.

கேள்வி: பெந்தோட்டையில் சுற்றுலாப் பயணிகளுக்காக 17 அடி ஃபைபர் படகு, 90 குதிரைத்திறன் அவுட்போர்ட் வைத்து வேக்போர்டிங் நடத்துகிறோம். இப்போது எல்லோரும் சர்ஃபிங் கேட்கிறார்கள். 150-க்கு மாற்றினால் செய்யலாமா? – கொழும்பு வாசகர்

பதில்: 150 அல்ல, 300 வைத்தாலும் செய்யக் கூடாது. சர்ஃப் செய்பவர் படகின் பின்விளிம்பிலிருந்து சில அடி தூரத்தில், கயிற்றையும் விட்டுவிட்டு நிற்கிறார். விழுந்தால் அலை அவரைப் படகை நோக்கித்தான் இழுக்கும். அவுட்போர்ட்டின் புரொப்பல்லர் அந்த இடத்தில், பின்விளிம்புக்கும் பின்னால் சுற்றுகிறது. ஸ்டெர்ன்டிரைவ் (எஞ்சின் உள்ளே, புரொப்பல்லர் பின்விளிம்புக்கு வெளியே) படகுக்கும் இதே தடை. புரொப்பல்லர் படகின் அடியில் முன்தள்ளி இருக்கும் வி-டிரைவ், டைரக்ட் டிரைவ் படகுகளும், புரொப்பல்லர் முன்பக்கம் பார்த்திருக்கும் வோல்வோ பென்டா ஃபார்வர்டு டிரைவ் போன்றவையும்தான் இதற்கு. பயணி வற்புறுத்தினாலும் மறுத்துவிடுங்கள்.

வேக்போர்டிங்குக்கு உங்கள் 90 போதும். ஓட்டுநரோடு மூன்று பேர், 150 லிட்டர் வரை தண்ணீர்ப் பை, 60 அடிக் கயிறு, மணிக்கு 30 கி.மீ. புதியவர்களைத் தூக்க இது தாராளம். கிளம்பும்போது முனகினால் பிட்ச்சை இரண்டு அங்குலம் குறையுங்கள். மோட்டாரை மாற்றுவதாக இருந்தால் படகின் தகட்டில் எழுதியிருக்கும் உச்சத் திறனுக்குமேல் போக வேண்டாம். பின்பலகை அதற்குத்தான் கட்டப்பட்டது.

கேள்வி: 2005-ஆம் வருடத்து 21 அடிப் படகு, 5.7 லிட்டர் எஞ்சின். சிம்கோ ஏரியில் ஓட்டுகிறேன். பழைய ட்ரக் ஒன்றிலிருந்து 6.0 லிட்டர் எஞ்சின் மலிவாக வருகிறது. தூக்கிப் போட்டுவிடலாமா? – டொராண்டோ வாசகர்

பதில்: இரும்பு ஒன்றுதான், சுற்றியுள்ளது எல்லாம் வேறு. படகின் எஞ்சின் அறை மூடிய பெட்டி. பெட்ரோல் ஆவி அடியில் தேங்கும். அதனால்தான் ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், பெட்ரோல் பம்ப் எல்லாம் தீப்பொறி வெளியே வராத கப்பல் தரத்தில் இருக்க வேண்டும், காற்று நுழையும் வாயில் தீத்தடுப்பு வலை வேண்டும். ட்ரக் பாகத்தை மாட்டினால் ஒருநாள் படகு வெடிக்கும், அலங்காரமாகச் சொல்லவில்லை. இதோடு தண்ணீர் ஓடும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், எஞ்சின் ப்ளாக்கின் துளைகளை அடைக்கும் கடல் தர ப்ளக்குகள், புதிய கட்டுப்பாட்டுப் பெட்டி, வயரிங், கியர்பெட்டியோடு சேர்க்கும் தகடு, எஞ்சின் தாங்கிகள். எல்லாம் வாங்கி முடித்தால் மலிவு எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும்.

முதலில் இருக்கிற 5.7 சுகமாக இருக்கிறதா பாருங்கள். எஞ்சினைச் சூடாக்கி, எல்லா ப்ளக்கையும் கழற்றி, த்ராட்டிலைத் திறந்து வைத்து எட்டு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் எடுங்கள். எட்டும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்தால் இந்த எஞ்சின் இன்னும் பல கோடை ஓடும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் மட்டும் குறைவாக இருந்தால் ஹெட் கேஸ்கெட். எண்ணெய் பால் காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போகிறது. உங்கள் ஊரில் அதற்கு முதல் சந்தேகம், குளிர்காலத்தில் முழுக்க வடிக்காமல் விட்டு உறைந்து வெடித்த ப்ளாக். அப்படியானால் கப்பல் தரத்தில் முழுமையாக வரும் மறுசீரமைத்த எஞ்சினை வாங்குங்கள்.

21 அடிப் படகில் 320 குதிரைத்திறன் உள்ள நல்ல 5.7, மொத்தப் பாரம் மூன்றரை டன் வரை தைரியமாக இழுக்கும். உங்களுடையது டைரக்ட் டிரைவ் என்றால், எஞ்சின் நடுவில் இருப்பதால் சர்ஃப் அலை சுமாராகத்தான் வரும். அதை எந்த லிட்டரும் திருத்தாது.

கேள்வி: துபாயில் கடலில் ஓட்டினால் பெரிய எஞ்சின் வேண்டுமா? – துபாய் வாசகர்

பதில்: கொஞ்சம். உப்புத் தண்ணீர் இரண்டரை சதவீதம் கனம், 1,400 லிட்டர் பேலஸ்ட்டில் 35 கிலோ கூடும், அது பொருட்டில்லை. 45 டிகிரி வெயிலில் காற்று விரிந்து நாலைந்து சதவீதத் திறன் போகும், அதையும் தாங்கலாம். உண்மையான பிரச்சினை குளிர்விப்பு. எஞ்சினுக்குள் கூலண்ட் சுற்றி, கடல்நீர் வெப்பமாற்றியில் மட்டும் ஓடும் அமைப்பு இருந்தால்தான் வாங்குங்கள். கோடையில் கடல்நீரே முப்பது டிகிரிக்குமேல் இருக்கும். பம்ப் இம்பெல்லரில் ஒரு இதழ் உடைந்தாலும் வெப்பமானி ஏறிவிடும். வருடத்துக்கு ஒருமுறை என்று கையேடு சொன்னால் நீங்கள் இரண்டு முறை மாற்றுங்கள். ஓட்டி முடித்ததும் எஞ்சினோடு பேலஸ்ட் டாங்க், பம்ப்புகளையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். இதை மறப்பவர்களின் பேலஸ்ட் பம்ப்தான் முதலில் இறுகி நிற்கும்.

கேள்வி: மின்சாரப் படகு வந்துவிட்டதாமே, காத்திருக்கலாமா? – சிட்னி வாசகர்

பதில்: வந்து சில வருடம் ஆகிறது. நாட்டிக் நிறுவனத்தின் ஜிஎஸ்22ஈ படகில் 124 கிலோவாட்-மணி பேட்டரி, 220 கிலோவாட் மோட்டார். அது 295 குதிரைத்திறன். கிளம்பும் முறுக்குவிசையில் பெட்ரோல் எஞ்சின் அருகில் வர முடியாது, குறை பேட்டரியில்தான். சர்ஃபில் மணிக்கு 25 முதல் 30 லிட்டர் பெட்ரோல் குடிக்கும் படகு தண்டில் கொடுப்பது 60, 75 கிலோவாட். அதே வேலைக்கு அந்த பேட்டரி, நிறுத்தாமல் இழுத்தால் ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம். படகுத்துறையில் வேகமான சார்ஜர் இருந்து, வீட்டிலும் காசு இருந்தால் வாங்கலாம்.

கேள்வி: பழைய படகை வாங்குமுன் தண்ணீரில் ஓட்டிப் பார்க்கச் சொல்கிறார்கள். எஞ்சின் போதுமா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? – ஹூஸ்டன் வாசகர்

பதில்: விற்பவர் காலிப் படகில், தான் மட்டும் ஏறி ஓட்டிக் காட்டுவார். எந்த எஞ்சினும் அதில் பறக்கும். பேலஸ்ட் டாங்க் எல்லாவற்றையும் நிரப்பச் சொல்லுங்கள். பம்ப் ஒன்று நிமிடத்துக்கு 75 லிட்டர் என்று எழுதியிருந்தால் 500 லிட்டர் டாங்க்குக்கு ஏழெட்டு நிமிடம். இருபது நிமிடம் ஆனால் இம்பெல்லரோ பேட்டரியோ தேய்ந்திருக்கிறது. ஆறு பேரையாவது ஏற்றுங்கள். எஞ்சின் அறை ஊதியை நாலு நிமிடம் ஓட்டிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

பிறகு சர்ஃப் தகடுகளை (அலையை வடிவமைக்கப் படகின் பின்னால் இருப்பவை) இறக்கி, வேகக் கட்டுப்பாட்டை 18 கி.மீ.யில் வைத்துப் பத்து நிமிடம் நேராகப் போங்கள். ஆர்பிஎம் 3,600-க்குள் நின்றால் நல்லது. 4,000-ஐத் தாண்டி, த்ராட்டிலும் ஏறக்குறைய முழுக்கத் திறந்திருந்தால் அந்தப் படகுக்குக் கையிருப்பே இல்லை. கோடை நடுவில் நாலு பேர் கூட ஏறினால் வேகம் பிடிக்காது. வேகம் ஒன்றரை, இரண்டு கி.மீ. ஏறி இறங்கினாலும் அதே நோய்தான். அந்தப் பத்து நிமிடம் எண்ணெய் அழுத்தமும் வெப்பநிலையும் நகராமல் இருக்க வேண்டும். ஓட்டி நிறுத்தியதும் கியர்பெட்டி எண்ணெயைத் தொட்டு முகர்ந்து பாருங்கள். கருகிய வாசனை வந்தால், பாரம் தாங்காமல் கிளட்ச் வழுக்கியிருக்கிறது.

அடுத்து வேக்போர்டிங் வேகம். அதே பாரத்தோடு நின்ற இடத்திலிருந்து 37 கி.மீ.க்குப் போகச் சொல்லுங்கள். மேட்டில் ஏறாமல் மூக்கைத் தூக்கிக்கொண்டே நின்றால், விலையில் ஒரு புரொப்பல்லர் காசைக் குறைத்துக் கேளுங்கள்.

கேள்வி: பங்க்கில் 15 சதவீத எத்தனால் பெட்ரோல் மலிவாக இருக்கிறது. படகுக்குப் போடலாமா? – சார்லட் வாசகர்

பதில்: கூடாது. அமெரிக்கச் சட்டப்படியே படகு எஞ்சினுக்கு அது தடை. பத்து சதவீதம் வரைதான்.